உட்கார்ந்து எடுத்த அளவு

மகன் பிறந்த 19-ஆம் நாள் அவனுடைய இடது கன்னத்தில் ஒரு சிவப்புக் கோட்டைப் பார்த்தோம். நகம் கீறியது போல இருந்ததால் அம்மா அன்றைக்கே அவன் நகத்தை வெட்டிவிட்டார். மறுநாள் காலையில் அதே இடத்தில் இன்னொரு கோடு. அன்று ராத்திரி பால் கொடுக்கும்போது விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். என் நைட்டியில் ஜிப் முடிகிற இடத்தில் அதன் வால் ஒரு அரிசி நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நைலான் ஜிப்தான், ஆனாலும் கத்தரித்த முனை. அவன் வாய் வைத்து இழுக்கும்போதெல்லாம் கன்னம் அதில் போய் உரசியிருக்கிறது.

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். குறைவாகக் கணக்குப் போட்டாலே வாரத்துக்கு 56 தடவை. வேறு எந்த உடுப்பிலும் ஒரு சின்னப் பிசிறு ஒரே தோலில் இத்தனை தடவை போய் உரசாது. அந்தக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

ஏழாம் மாதத்திலேயே வாங்கி வைத்திருந்த மூன்று நைட்டிகளில் அது ஒன்று. கடையில் ‘ஃபீடிங் நைட்டி’ என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். மார்புக்கு இரண்டு பக்கமும் நெடுக்காக ஒவ்வொரு ஜிப், அதை மறைக்க ஒரு பட்டி. கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டால் ஜிப் திறக்கிற இடம் மேலே நின்றுவிடுகிறது, பால் கொடுக்க வேண்டிய இடம் கீழே இருக்கிறது. ஜிப்பை முழுக்க இறக்கிய பிறகும் துணியை இன்னும் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படி இழுக்கும்போதுதான் ஜிப்பின் வால் மடங்கி, அவன் கன்னத்துக்கு நேராக வந்தது.

அம்மா 30 வருஷமாக வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். காலையில் நைட்டியைக் கையில் வாங்கி, உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். “இது நின்னவளுக்கு அளவெடுத்துத் தச்சது. நீ உக்காந்துல்ல குடுக்குற” என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த இரண்டு வருஷம் எனக்கும், அப்புறம் என் மதினிக்கும், சித்தி மகளுக்கும் தைத்தேன். கடையில் கிடைக்கிற உடுப்பு நின்றுகொண்டு, இரண்டு கையையும் வீசி நடக்கிற பெண்ணுக்கு வெட்டியது. பால் கொடுக்கிறவள் உட்கார்ந்திருப்பாள், இல்லை ஒருக்களித்துப் படுத்திருப்பாள். ஒரு கை பிள்ளையின் தலைக்கு அடியில் இருக்கும். பாதி நேரம் இருட்டு. அவளுடைய உடம்பு காலையில் ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவு. துணி வெட்டுவதற்கு முன்னால் இவ்வளவையும் யோசித்துவிட்டால் தையல் ஒன்றும் பெரிய காரியமில்லை.

முதல் மாதங்களில் என்னை மிஷின் பக்கமே விடவில்லை. “பச்ச உடம்புக்காரி, கால் மிஷின மிதிக்கப்படாது” என்று அம்மா சொல்லிவிட்டார். அதனால் நான் கட்டிலில் உட்கார்ந்து பிளேடால் தையல் பிரிப்பேன், அம்மா தைப்பார். மூன்று நைட்டியிலும் ஜிப்பைக் கழற்றி எடுத்தோம். பிரித்த பிறகுதான் அதை எவ்வளவு அவசரமாகத் தைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஜிப்புக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு துண்டுத் துணிகூடக் கிடையாது. என் உடம்பிலும் வரிசையாகச் சின்னச் சின்னப் பல் தடம் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

எங்கள் அம்மாச்சி கொக்கி வைத்த ஜாக்கெட் போட்டு நான் பார்த்ததே இல்லை. முடிச்சு ரவிக்கைதான். முன்பக்கத் துணியின் இரண்டு முனையையும் மார்புக்குக் கீழே சேர்த்து ஒரு முடிச்சு, அவ்வளவுதான். ஆறு பிள்ளை பெற்றவர். முடிச்சுக்கு அங்குலக் கணக்குக் கிடையாது, பால் கட்டியிருக்கிற நேரத்தில் தளர்த்திப் போடலாம், பிள்ளை குடித்த பிறகு இறுக்கிக்கொள்ளலாம். ஒரு கையால் அவிழ்க்கலாம். மேலே முந்தானை. அது மறைப்பும் ஆகும், பிள்ளைக்கு விசிறியும் ஆகும், கடைவாயில் வழிகிற பாலைத் துடைக்கவும் ஆகும். அம்மா காலத்தில் மெல்லிய வாயல் சேலையும் முன்கொக்கி ஜாக்கெட்டும் வந்தன. அதிலும் கீழ்க் கொக்கி இரண்டைக் கழற்றினால் வேலை முடிந்தது. பால் கொடுப்பதற்கென்று தனி உடுப்பு அவர்கள் யாரும் தேடவில்லை, கட்டியிருந்த உடுப்பே அப்படித்தான் இருந்தது.

நான் ஒன்பதாம் வகுப்பிலிருந்து சுடிதார் போட்டு வளர்ந்தவள். அலமாரியில் 14 குர்தி இருந்தன. முன்பக்கம் திறக்கிற குர்தி ஒன்றுகூட இல்லை.

அதன் பலனை மூன்றாம் மாதத்தில் அனுபவித்தேன். மாமா மகள் கல்யாணத்துக்கு திண்டுக்கல் போக வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவையாக வெளியே கிளம்புகிறேன் என்று ஆசையாகப் பச்சை அனார்கலி ஒன்றை எடுத்துப் போட்டேன். பின்பக்கம் ஜிப். பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் அவன் வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டான். நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் 2015-லிருந்து தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கிறது, அது எவ்வளவு பெரிய உதவி என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன். அறை இருந்தது, விசிறி சுற்றியது, பெஞ்ச் இருந்தது. உடுப்புதான் திறக்கவில்லை. முதுகு ஜிப்பை அத்தை இறக்கிவிட, கையைக் கழற்றி, மேல்பாதியை இடுப்பு வரை உருவி, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு உட்கார்வதற்குள் பிள்ளை அழுது அழுது மூச்சு வாங்கினான். அப்போது சேலை கட்டிய ஒரு பெண் உள்ளே வந்தார். என் எதிரில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டு, தன் பிள்ளைக்குப் பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் எடுத்துவிட்டு, எழுந்து போய்விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் எங்கேயும் போகவில்லை. போகாதே என்று யாரும் தடுக்கவில்லை. போட்டுக்கொண்டு போக உடுப்பு இல்லை. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிற தாய்மாரைப் பார்த்து “ஏன் வெளியே வருவதே இல்லை” என்று கேட்பவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, தையலுக்கு வருகிறேன்.

முதலில் துணி. நான் மதுரைக்காரி என்பதால் எனக்கு இதில் யோசனையே வேண்டியிருக்கவில்லை. சுங்குடிதான். சௌராஷ்டிர மக்கள் துணியை நூலால் முடிந்து முடிந்து சாயம் தோய்த்த பழைய சுங்குடிக்கு இப்போது விலை அதிகம். மெழுகு அச்சில் வருவதுதான் கடையில் கைக்கு எட்டும். 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய துணி. அந்தப் பெருமையை விட எனக்கு முக்கியமாகப்பட்டது அதன் புள்ளிகள். பால் கசிந்து துணி நனைவது முதல் மாதங்களில் சாதாரணம். வெளிர்நீலம், சாம்பல் மாதிரி ஒரே நிறத் துணியில் அது பளிச்சென்று தெரியும். கரும்பச்சையிலோ அரக்கிலோ புள்ளி நிறைந்த சுங்குடியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. பருத்தி என்பதால் வேர்வையும் இழுக்கும். ஒரு சுங்குடிச் சேலை ஐந்தரை மீட்டர். 55 அங்குல உயரத்துக்கு ஒரு நைட்டி வெட்ட, கைக்கும் பட்டிக்கும் சேர்த்து மூன்றேகால் மீட்டர் போகும். மீதியில் முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கிற ஒரு குர்தி வந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் துணியைக் கல்லுப்பு போட்ட தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, அலசி, காயவைத்து, மறுபடியும் ஒரு தடவை துவைக்க வேண்டும். கஞ்சி போக வேண்டும், சுருங்குவது முன்பே சுருங்கிவிட வேண்டும், எல்லாவற்றையும் விட, விடுகிற சாயம் விட்டுத் தீர வேண்டும். பிள்ளை வாயில் வைத்துச் சப்பப்போகிற துணி இது. அலசுகிற தண்ணீர் தெளிவாக வரும் வரை நான் கத்தரியை எடுத்ததில்லை.

ஜிப், கொக்கி, நாடா எல்லாம் வாங்க அம்மா பழக்கமாகப் போகிற இடம் புது மண்டபம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே, திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது. தூணுக்குத் தூண் தையல்காரர்கள் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். யாளி சிற்பத்துக்குக் கீழே நின்று நான் லேஸ் பார்த்த சின்ன வயசு ஞாபகம் இருக்கிறது. இப்போது அந்தக் கடைகள் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. ஜிப் வாங்கும்போது மெல்லிய பல் உள்ள நைலான் ஜிப்பாகக் கேளுங்கள். உலோகப் பல் வேண்டவே வேண்டாம்.

இனி அளவு. இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பிள்ளை எழுந்து பாலுக்கு அழுவதற்குக் கொஞ்சம் முன்னால், பால் நிறைந்திருக்கிற நேரத்தில் அளவெடுங்கள். எனக்கு அந்த நேரத்துக்கும் குடித்து முடித்த நேரத்துக்கும் மார்புச் சுற்றளவில் ஒன்றரை அங்குலம் வித்தியாசம் இருந்தது. நீங்கள் வழக்கமாக எங்கே உட்கார்ந்து பால் கொடுப்பீர்களோ அங்கேயே உட்காருங்கள். மடியில் தலையணை வைத்து, பிள்ளையை, இல்லையென்றால் சுருட்டிய போர்வையையாவது போட்டுக்கொள்ளுங்கள். முதுகு தானாகக் கொஞ்சம் வளையும். நேராக நிமிர வேண்டாம், அந்த வளைவோடுதான் இருக்கப்போகிறீர்கள். இப்போது தோள் நடுவிலிருந்து மார்புக் காம்பு வரை இன்ச் டேப்பை விட வேறொருவரைச் சொல்லுங்கள். எனக்கு நின்றபடி 11 அங்குலம், உட்கார்ந்தபடி பன்னிரண்டரை. கடையில் வாங்கிய நைட்டியில் ஜிப் 12 அங்குலத்திலேயே முடிந்துவிட்டது. அந்த அரை அங்குலக் குறைச்சலால்தான் என் மகன் கன்னம் கீறியது.

நாங்கள் தைத்ததில் ஜிப் தோளிலிருந்து 6 அங்குலத்தில் ஆரம்பித்து 15-இல் முடியும். 9 அங்குலத் திறப்பு. காம்புக்குக் கீழே இரண்டரை அங்குலமாவது இருந்தால்தான் பிள்ளையின் மோவாய் துணியில் இடிக்காது. அவன் மூக்கும் மோவாயும் இரண்டும் வெளியே இருக்க வேண்டும்.

முன்பக்கத்தை மூன்று துண்டாக வெட்ட வேண்டும், நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. நடுத்துண்டின் ஓரத்தை முக்கால் அங்குலம் உள்ளே மடித்து இஸ்திரி போட்டால் அந்த மடிப்பே ஜிப்பை மூடுகிற மறைப்பாகிவிடும். ஜிப்பின் ஒரு பக்கம் பக்கத்துண்டோடு தைக்கப்படும், இன்னொரு பக்கம் இந்த மடிப்புக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். உள்பக்கம் ஜிப்பின் நீளத்துக்கு ஒன்றேகால் அங்குல அகலத்தில் ஒரு பட்டி, தோலில் பல் படாமல் இருக்க. கடைசியில் அந்த வால். அதை அம்மா தைத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு அங்குலச் சதுரத்தில் பழைய வேட்டித் துணி ஒன்றை வெட்டினார். ஜிப்பின் வாலை அதன் நடுவில் வைத்து, கீழ் ஓரத்தை மேலே மடித்து, இரண்டு பக்கத்தையும் உள்ளே மடித்து, வெற்றிலை மடிப்பது போல மடித்து, கையூசியால் சுற்றி எம்மிங் போட்டார். முடித்துவிட்டு அந்த இடத்தைத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். ஒரு இடத்தில் நூல் முடிச்சு தட்டுப்பட்டிருக்க வேண்டும். பிரித்து, முடிச்சை மடிப்புக்குள் தள்ளி மறுபடி தைத்தார். அன்றிலிருந்து நான் எதைத் தைத்தாலும் கன்னத்தில் தேய்த்துப் பார்த்த பிறகுதான் நூலை அறுப்பேன்.

ஜிப்பின் தலையில் தொங்குகிற இரும்புத் துண்டையும் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் மெல்லிய பருத்தி நாடா ஒன்றைக் கோத்துவிட்டோம். பிள்ளை நெற்றியில் இடிக்காது. இருட்டில் கைக்கும் எளிதில் சிக்கும்.

ஜிப் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் வாதமே நடந்தது. கீழிருந்து மேலே திறந்தால் வேண்டிய இடம் மட்டும் திறக்கும், மேலே மூடியே இருக்கும், வெளியிடத்துக்கு நல்லது என்பது என் கட்சி. இரண்டாவது நைட்டியை அப்படித்தான் தைக்கவைத்தேன். முதல் ராத்திரியே தெரிந்துவிட்டது. ஜிப்பை மேலே இழுத்தால் துணியும் கூடவே மேலே வருகிறது. கீழே ஒரு கை பிடித்துக்கொள்ள வேண்டும், அந்தக் கை பிள்ளை தலைக்கு அடியில் இருக்கிறது. மேலிருந்து கீழே இழுக்கும்போது துணியைத் தோள் பிடித்துக்கொள்கிறது, ஒரு கை போதும். திரும்ப மூடும்போது என்ன செய்வது என்றால், மடியில் கிடக்கிற பிள்ளையின் பாரமே நைட்டியைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அம்மா சொன்னதுதான் சரி. மறைப்புக்குத்தான் மடிப்பு இருக்கிறதே.

நைட்டியில் கை பழகிய பிறகு குர்திகளை எடுத்தேன். நாலாம் மாதம், மிஷின் மிதிக்க அனுமதி கிடைத்துவிட்டது. 14-இல் நான்கு குர்தி பிரின்சஸ் கட். அதாவது தோளிலிருந்தோ கைக்குழியிலிருந்தோ மார்பு வழியாக இடுப்புக்கு ஒரு தையல் இறங்கும். அப்படி ஒரு குர்தி உங்களிடம் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. வேண்டிய நீளத்துக்கு அந்தத் தையலைப் பிரித்து, கன்சீல்டு ஜிப் வைத்து மூடினால் வெளியே ஒன்றுமே தெரியாது. இந்த ஜிப்பைக் கடைசி வரை ஒட்டித் தைக்க முடியாது, அதன் தலை வந்து முட்டும். அதனால் 9 அங்குலத் திறப்புக்கு 11 அங்குல ஜிப் வாங்கிக்கொள்ளுங்கள். மிச்ச வாலுக்கு அதே வேட்டித் துணி வைத்தியம். ஒரு குர்திக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, அதுவும் பிள்ளை தூங்குகிற நேரத்தில் இரண்டு தவணையாக.

புதிதாகத் தைப்பதென்றால் இரண்டடுக்குக் குர்திதான் என் சிபாரிசு. மார்புக்குக் கீழே குறுக்காக வெட்டு. மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் மூன்று அங்குலம் தாவணி போலத் தொங்கும், ஓரங்களில் மட்டும் தைத்திருக்கும். அதைத் தூக்கினால் உள்ளே பனியன் துணியில் ஒரு அடுக்கு, அதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு திறப்பு. ஜிப்பும் இல்லை, கொக்கியும் இல்லை. வயிறு திறந்து தெரியாது, குளிர்ந்த காற்றும் படாது. பனியன் துணி திருப்பூரிலிருந்து கிலோ கணக்கில் வெட்டுத்துண்டாக வருகிறது, உள்அடுக்குக்கு அதுவே தாராளம். ஆனால் ஊசியை மாற்ற மறக்கக் கூடாது. முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசி என்று கேட்டு வாங்க வேண்டும். சாதா ஊசி பனியன் நூலை அறுத்துக்கொண்டு போகும், தைத்த அன்று தெரியாது, நாலு துவைப்புக்குப் பிறகு தையல் ஓரமாகச் சின்னச் சின்ன ஓட்டையாக விரியும். எங்கள் உஷா கால் மிஷினில் நேர்த்தையல் மட்டும்தான். துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்துத் தைத்தேன், இழுபடும்போது நூல் அறுகாமல் இருந்தது. ரொம்ப இழுத்தால் ஓரம் அலையலையாக நிற்கும்.

டிச் பட்டனை மட்டும் வேண்டாம் என்பேன். வைப்பது சுலபம், திறப்பதும் சுலபம். மூடுவதற்கு அழுத்த வேண்டும். எதன் மேல் வைத்து அழுத்துவது? பால் கட்டி, தொட்டாலே வலிக்கிற மார்பின் மேல். இதை ஒரு தடவை அனுபவித்தவர்கள் மறுபடி வைக்க மாட்டார்கள்.

ஜாக்கெட்டைப் பற்றி அம்மாவிடமிருந்து கற்றுக்கொண்டது வேறு. நம் தையல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம் துணி உள்ளே விட்டு, கால் அங்குல இடைவெளியில் மூன்று வரிசை தையல் போடுவார்கள். உடம்பு பெருத்தால் உள்வரிசையைப் பிரித்துக்கொள்ளலாம். பிரசவத்துக்குத் தைக்கிற ஜாக்கெட்டில் அம்மா அதை ஐந்து வரிசையாகப் போடுவார். முதல் ஆறு வாரம் எல்லாம் பிரித்து, வெளிவரிசை ஒன்றோடு போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் உடம்பு அடங்க அடங்க ஒவ்வொரு வரிசையாக மறுபடி ஓட்டிக்கொள்வது. ஒரே ஜாக்கெட் இரண்டு வருஷம் வரும். “அளவு ஜாக்கெட் குடுக்குறேன்னு கல்யாணத்துக்குத் தச்சத எடுத்துட்டு வர்றாளுக, அந்த உடம்பு எங்க இருக்கு” என்று அம்மா புலம்புவார்.

கொக்கி கட்டாயம் முன்பக்கம். லைனிங் வேண்டாம், வேண்டுமென்றால் மல் துணி. மார்புக்குக் கீழே வருகிற பட்டியை இறுக்கித் தைக்கவே கூடாது. இறுக்கமான ஜாக்கெட்டை மேலே தூக்கிவிட்டுப் பால் கொடுக்கும்போது அந்தப் பட்டி மார்பின் மேல் கயிறு கட்டியது போல அழுத்தும். அழுத்தின இடத்துக்குப் பின்னால் பால் தேங்கும், கட்டிக்கொள்ளும், சிலருக்குக் காய்ச்சல் வரை கொண்டுபோய்விடும். மதினிக்கு அப்படித்தான் ஆயிற்று. மார்பில் கல் மாதிரி ஒரு கட்டி, 102 டிகிரி காய்ச்சல். டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு முதலில் கேட்டது “என்ன உள்ளாடை போடுகிறீர்கள்” என்பதுதான். அன்று சாயங்காலமே அம்மா அவளுடைய ஆறு ஜாக்கெட்டிலும் அந்தப் பட்டியைப் பிரித்துத் தளர்த்தினார்.

கசிவுக்கு வைக்கிற பேடை வாங்கவே தேவையில்லை. அப்பாவின் பழைய வேட்டியை நாலரை அங்குல வட்டமாக ஆறு அடுக்கு வெட்டி, ஓரம் சேர்த்துத் தைத்து, ஒரு இடத்தில் முக்கோணமாக மடித்து டாட் பிடித்தால் கிண்ணம் போல உட்காரும். பன்னிரண்டு இருந்தால் ஒரு நாளுக்குப் போதும். வெயிலில் காய வேண்டும், நிழலில் காய்ந்தது வாடை அடிக்கும்.

சித்தி மகள் கோயம்புத்தூரில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம் மகப்பேறு விடுப்பு. பிரசவத்துக்கு முன்னால் 8 வாரம் எடுக்க வேண்டிவந்தது, ஆகப் பிள்ளைக்கு 18 வாரம் ஆனபோது வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, நம் ஊர் நர்ஸ் அக்காக்களும் அதையேதான் சொல்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. 1961 மகப்பேறு சட்டத்திலிருந்தே பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. அந்த இடைவேளையில் அவள் பாலைப் பீய்ச்சி எடுத்து ஃப்ளாஸ்க்கில் வைத்துக் கொண்டுபோவாள். ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி, யார் பார்த்தாலும் சாதாரணக் குர்தியாகத் தெரிகிற மாதிரி நாலு வேண்டும் என்று கேட்டாள். இரண்டடுக்குக் குர்தி நான்கு, கைக்குப் பைப்பிங் வைத்து, காலர் கழுத்தோடு தைத்துக் கொடுத்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, அவள் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிற போட்டோவை அனுப்பியிருந்தாள். நான் அதை அம்மாவிடம் காட்டினேன். அம்மா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “மேல் மடிப்பு எடது பக்கம் கால் இஞ்சு எறங்கியிருக்கு” என்றார். இறங்கித்தான் இருந்தது. அடுத்த தடவை வந்தபோது பிரித்துச் சரி செய்தேன்.

மகன் இரண்டு வயது நாலு மாதத்தில் பாலை நிறுத்தினான். அவனுக்குப் பிடித்த அரக்குச் சுங்குடி நைட்டி நிறம் மங்கிவிட்டது, அதன் நாடாவைப் பிடித்து ஜிப்பை ஏற்றி இறக்கிக்கொண்டேதான் அவன் தூங்குவான். தூக்கிப் போட மனசு வரவில்லை. ஜிப்பை மட்டும் பிரித்து, கழுவி, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். துணியில் அவன் பழைய தொட்டில் மெத்தைக்கு உறை தைத்தேன்.

இப்போது சின்ன மதினிக்கு எட்டாம் மாதம். நேற்று சுங்குடிச் சேலை இரண்டு எடுத்து வந்து உப்புத் தண்ணீரில் போட்டிருக்கிறேன். கரும்பச்சை ஒன்று, மஞ்சள் புள்ளி வைத்த நாவல் நிறம் ஒன்று. கரும்பச்சை இன்னும் சாயம் விட்டுக்கொண்டிருக்கிறது, இன்னொரு அலசு வேண்டும். துணியை இப்போது வெட்டப்போவதில்லை. பிள்ளை பிறந்து, பால் நன்றாக ஊறிய பிறகு, அவளை அம்மா வீட்டுக் கட்டிலில் உட்காரவைத்து, மடியில் பிள்ளையைப் போட்டு அளவெடுக்க வேண்டும். அதுவரைக்கும் பிஸ்கட் டப்பாவிலிருந்த அந்த இரண்டு ஜிப்பின் வாலுக்கும் புதுத் துணி வைத்துத் தைத்து முடித்துவிட்டேன். கன்னத்தில் தேய்த்தும் பார்த்துவிட்டேன்.